இரவில் வீட்டுக்குள் புகுந்து தேட பொலிசுக்கு எவ்வளவு அதிகாரம்? எங்கள் இலங்கை அரசியலமைப்பு என்ன சொல்கிறது?

கேள்வி கேட்டவர்: இணுவில் வாசுகி

எல்லோருக்கும் வணக்கம். இதை எழுதும்போதும் எனக்கு நெஞ்சு படபடக்கிறது. சட்டம் தெரிந்தவர்கள் தயவுசெய்து பதில் சொல்லுங்கள்.

நேற்று முன்தினம் இரவு பத்தரை இருக்கும். அம்மா படலையைப் பூட்டிவிட்டு வந்து படுத்துவிட்டார். நாய் குரைத்த சத்தத்துக்கு நான்தான் எழும்பி வெளி லைற்றைப் போட்டேன். ஒரு ஜீப், இரண்டு மோட்டார் சைக்கிள். இரண்டு பேர்தான் சீருடையில் இருந்தார்கள், மற்றவர்கள் சாதாரண உடுப்பு. "வாள் இருப்பதாகத் தகவல், வீட்டைப் பார்க்க வேண்டும்" என்றார்கள். ஒருவர் ஏற்கெனவே மதிலால் ஏறிக் குதித்துக் கிணற்றடியில் நின்றார்.

நான் கேட்டேன், "நீதிமன்ற ஆணை இருக்கிறதா?" என்று. "அது தேவையில்லை, கதைக்காமல் கதவைத் திறவுங்கோ" என்றார் ஒருவர். அம்மா பயத்தில் திறந்துவிட்டார். அலுமாரியில் இருந்த சேலைகள் எல்லாம் நிலத்தில். மெத்தையைப் புரட்டினார்கள், அரிசி வாளிக்குள் கைவிட்டுப் பார்த்தார்கள். சாமியறைக்குள் சப்பாத்தோடு போனார்கள். அப்பா இருதய நோயாளி, கதிரையில் இருந்தபடி ஒன்றும் பேசவில்லை. வாளும் இல்லை, வேறு ஒன்றும் இல்லை.

போகும்போது தம்பியின் போனை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கிற பிள்ளை. போனைத் திறக்கும் பின் (PIN) நம்பரையும் கேட்டு வாங்கினார்கள். அம்மாவிடம் ஒரு தாள் நீட்டிக் கையெழுத்து வாங்கினார்கள். முழுக்கச் சிங்களம். மேல் பாதியில் ஏதோ எழுதியிருந்தது, கீழ்ப் பாதி வெறுமை. அம்மா கையெழுத்து வைத்த பிறகுதான் நான் கண்டேன். காலையில் தம்பியை ஸ்டேசனுக்கு வரச் சொன்னார்கள். அப்பாவும் சித்தப்பாவும் கூட்டிக்கொண்டு போனார்கள். இரண்டு மணித்தியாலம் இருத்திவைத்துவிட்டு அனுப்பிவிட்டார்கள். போன் கிடைக்கவில்லை.

என் கேள்வி இதுதான். சென்னையில் இருக்கும் சிநேகிதி, அந்தரங்கம் அடிப்படை உரிமை, ஆணை இல்லாமல் வர ஏலாது என்கிறாள். எங்கள் அரசியலமைப்பிலும் அப்படி ஒரு உரிமை இருக்கிறதா? இனி நாங்கள் என்ன செய்யலாம்?

---

பதில்: ஓய்வுபெற்ற கிராம சேவையாளர், சுன்னாகம்

பிள்ளை, சட்டப் பதிலைச் சட்டம் படித்தவர்கள் சொல்வார்கள். நான் ஒன்று சொல்கிறேன், அதை இன்றைக்கே செய்யுங்கள். ஒரு கொப்பியை எடுத்து, எத்தனை மணிக்கு வந்தார்கள், எத்தனை பேர், வாகன இலக்கம் ஞாபகம் இருந்தால் அது, யார் என்ன கதைத்தார், எந்த எந்த அறைக்குள் போனார்கள், எல்லாவற்றையும் எழுதுங்கள். அம்மா தனியாகச் சொல்லட்டும், தம்பி தனியாகச் சொல்லட்டும். அயல் வீட்டுக்காரர் லைற் போட்டுப் பார்த்திருந்தால் அவரிடமும் கேளுங்கள். பக்கத்தில் கடையிலோ வீட்டிலோ கமரா இருந்தால் உடனே போய்ச் சொல்லிப் பதிவைப் பிரதி எடுத்து வையுங்கள். அது கொஞ்ச நாளில் தானாக அழிந்துவிடும்.

உங்கள் ஜீ.எஸ்ஸுக்கும் (கிராம சேவையாளருக்கும்) அறிவித்துவிடுங்கள். நான் சேவையில் இருந்தபோது சில தேடுதல்களுக்கு என்னையும் வரச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். அப்படி ஒரு ஊர் ஆள் பக்கத்தில் நின்றால் அலுமாரியைக் கிளறுகிற கை கொஞ்சம் மரியாதையாகக் கிளறும்.

---

பதில்: சட்டத்தரணி, யாழ்ப்பாணம்

தங்கச்சி வாசுகி, முதலில் அம்மாவைக் கோபிக்க வேண்டாம். இரவில் துவக்கோடு வந்து நிற்கிறவர்களிடம் தாளை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்கும் தைரியம் எல்லோருக்கும் வராது. எங்கள் பெற்றோரின் தலைமுறை 1996க்குப் பிறகு இங்கே சுற்றிவளைப்புக்குள் வாழ்ந்த தலைமுறை. இராணுவத்தினர் விடியற்காலையில் ஊரையே வளைத்து, ஆட்களைப் பாடசாலை மைதானத்தில் இருத்தி, ஆட்களைக் காட்டிக்கொடுக்கும் முகம் மூடிய தலையாட்டிக்கு முன்னால் வரிசையாக நடக்கவிட்டு, அந்த நேரத்தில் வீடுகளைத் தேடுவார்கள். யாரும் ஆணை கேட்டதில்லை, கேட்கக்கூடிய காலமாகவும் அது இருக்கவில்லை. அவசரகாலச் சட்டம் 2011 ஆகஸ்டில் நீங்கியது. ஆனால் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நிற்கும் பழக்கம் வீடுகளில் அப்படியே இருக்கிறது. அதை மாற்ற வேண்டும் என்று நான் நினைப்பதால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

இனி உங்கள் கேள்வி. 1978 அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் வீட்டையோ அந்தரங்கத்தையோ காக்கும் தனி உறுப்புரை கிடையாது. 2015 இல் 19ஆம் திருத்தத்தோடு வந்த 14அ உறுப்புரையில் அந்தரங்கம் என்பது வருகிறது. அங்கேயும் தகவல் அறியும் உரிமையை மட்டுப்படுத்தும் ஒரு காரணமாகத்தான் வருகிறது, உங்களுக்குத் தரப்பட்ட உரிமையாக அல்ல. இது ஒரு பெரிய ஓட்டை. நான் இதைச் சமாதானப்படுத்திச் சொல்ல விரும்பவில்லை.

உங்கள் சிநேகிதி சொல்வது இந்தியாவில் சரி. அங்கேயும் அரசியலமைப்பில் அந்தரங்கம் என்று எழுதியிருக்கவில்லை. 2017 ஆகஸ்டில் புட்டசுவாமி வழக்கில் ஒன்பது நீதியரசர்கள் 21ஆம் உறுப்புரையில் உள்ள உயிர் வாழும் உரிமைக்குள் அது அடங்கும் என்று தீர்த்தார்கள். எங்கள் அரசியலமைப்பில் உயிர் வாழும் உரிமை கூட வெளிப்படையாக எழுதப்படவில்லை. ஆகவே அந்த வழியால் நேராக இங்கே வர முடியாது. சர்வதேச உடன்படிக்கையைக் காட்டலாமா என்று கேட்பீர்கள். குடியியல் அரசியல் உரிமைகள் உடன்படிக்கையின் 17ஆம் உறுப்புரை வீட்டில் எதேச்சையாகத் தலையிடுவதைத் தடுக்கிறது, இலங்கை 1980 இல் அதில் சேர்ந்தது. ஆனால் 2007 இல் அந்த உடன்படிக்கைக்காக இயற்றிய 56ஆம் இலக்கச் சட்டத்தில் இந்த 17ஆம் உறுப்புரை சேர்க்கப்படவில்லை. பாராளுமன்றம் சட்டமாக்காததை உள்நாட்டு நீதிமன்றத்தில் நேரடியாகக் கேட்க முடியாது என்பதை எங்கள் அதியுயர் நீதிமன்றமான உயர் நீதிமன்றம் 2006 இல் சிங்கராசா வழக்கில் சொல்லிவிட்டது.

அப்படியானால் எங்களிடம் என்ன இருக்கிறது? 12(1) இருக்கிறது, சட்டத்தின் முன் சமத்துவம். அதிகாரிகள் எதேச்சையாக நடந்தால் அதுவே 12(1) மீறல் என்று உயர் நீதிமன்றம் பல வழக்குகளில் ஏற்றிருக்கிறது. காரணமும் பதிவும் இல்லாமல் ஒரு வீட்டைக் குடைந்தால் அதை இந்த உறுப்புரைக்குள் கொண்டுவந்து வாதிடலாம். தேடும்போது அடித்தால், கேவலப்படுத்தினால் சித்திரவதையைத் தடுக்கும் 11ஆம் உறுப்புரை. அதற்கு எந்தச் சூழ்நிலையிலும் விதிவிலக்குக் கிடையாது. தம்பியைப் பிடித்துக்கொண்டு போயிருந்தால் 13(1): சட்டத்தில் சொன்ன நடைமுறைப்படிதான் கைது செய்யலாம், காரணத்தையும் சொல்ல வேண்டும். 1994 இல் சன்ன பீரிஸ் எதிர் சட்டமா அதிபர் வழக்கில், வெறும் ஊகமும் மேலோட்டமான சந்தேகமும் கைதுக்குப் போதாது, நியாயமான சந்தேகத்துக்கு ஆதாரம் வேண்டும் என்று தீர்க்கப்பட்டது. அது கைது பற்றிய தீர்ப்பு என்றாலும், "தகவல் வந்தது" என்று மட்டும் சொல்லி நிற்கும் அதிகாரியிடம் அதே கேள்வியைத்தான் நாங்கள் நீதிமன்றத்தில் கேட்கிறோம். என்ன தகவல், எப்போது வந்தது, எந்தப் புத்தகத்தில் பதிந்தீர்கள்?

அடுத்தது சாதாரண சட்டம். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி தேடுதல் ஆணையை நீதவான் தருவார். விதிவிலக்குகள் உண்டு. கைது செய்யப்பட வேண்டியவர் வீட்டுக்குள் இருக்கிறார் என்று நம்பக் காரணம் இருந்தால் உள்ளே போகலாம், வீட்டுக்காரர் வழிவிட வேண்டும். போதைப்பொருள், மதுவரி போன்ற விசேட சட்டங்களிலும் தனி அதிகாரங்கள் இருக்கின்றன. எனவே "ஆணை இல்லாமல் வந்தால் எப்போதும் சட்டவிரோதம்" என்று யாராவது முகநூலில் எழுதினால் நம்ப வேண்டாம். ஆனால் "ஆணையே தேவையில்லை" என்று உங்களுக்குச் சொன்னதும் அதே அளவுக்குப் பிழை. எந்தச் சட்டத்தின் கீழ் வந்தோம் என்று அவர்கள் சொல்லியிருக்க வேண்டும். அதைக் கேட்பது கடமைக்கு இடையூறு செய்வதாகாது. பெண்ணை உடற்சோதனை செய்வதென்றால் பெண்தான் செய்ய வேண்டும், அதுவும் கண்ணியம் காத்து. உங்கள் வீட்டுக்கு வந்தவர்களில் பெண் பொலிஸ் இருந்ததாக நீங்கள் எழுதவில்லை. அதையும் குறித்து வையுங்கள்.

பயங்கரவாதத் தடைச் சட்டம் வேறு கதை. 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம், தற்காலிகம் என்று கொண்டுவந்து 1982 இல் நிரந்தரமாக்கினார்கள். அதன் 6ஆம் பிரிவு ஆணை இல்லாமலே எந்த இடத்துக்குள்ளும் நுழைந்து தேட விடுகிறது. அங்கேயும் ஒரு நிபந்தனை இருக்கிறது: பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத ஒருவர் வர வேண்டும், அல்லது அவர் எழுத்தில் அதிகாரம் கொடுத்த உப பரிசோதகர் தரத்துக்குக் குறையாத ஒருவர் வர வேண்டும். எழுத்தில். யாரும் அந்தக் கடிதத்தைக் கேட்பதில்லை, அதனால் யாரும் கொண்டுவருவதும் இல்லை. இந்தச் சட்டமே அரசியலமைப்புக்கு முரண் என்று இப்போது வழக்குப் போட முடியாது. 80(3) உறுப்புரையின்படி, நிறைவேறிய சட்டத்தின் செல்லுபடியை எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்கக் கூடாது. மசோதாவாக இருக்கும்போது மட்டும்தான் எதிர்க்கலாம். எனக்கு இந்த உறுப்புரைதான் வீட்டுக்குள் வரும் சப்பாத்தை விடப் பெரிய காயமாகத் தெரிகிறது.

---

பதில்: கடைக்காரன், கொக்குவில்

எல்லோரும் பொலிசின் பிழையையே எழுதுகிறீர்கள். என் கடைக்கு முகம் மூடிக்கொண்டு நாலு பேர் மோட்டார் சைக்கிளில் வந்து கண்ணாடி அலுமாரி எல்லாம் வாளால் வெட்டிக் கொத்தினார்கள். வேலைக்கு நின்ற பொடியனின் கையில் பதினாலு தையல். நான் முறைப்பாடு கொடுத்து எத்தனை நாள் அலைந்தேன். அந்த வாள்கள் எங்கே இருந்தன? ஏதோ ஒரு வீட்டுக்குள்தான் இருந்தன. நீதவானிடம் போய்த் தாள் எடுத்துக்கொண்டு வருவதற்குள் வாளைக் கிணற்றில் போட்டுவிடுவார்கள். பொலிஸ் இரவில் போய்த் தேடட்டும் என்றுதான் நான் சொல்வேன். வாசுகி பிள்ளை, உங்கள் வீட்டில் நடந்தது பிழைதான், சாமியறைக்குள் சப்பாத்தோடு போனது பிழை. ஆனால் தேடவே கூடாது என்று ஆகிவிட்டால் எங்களுக்கு யார் காவல்?

---

பதில்: ஸ்காபரோ ரவி

கடைக்கார அண்ணை கேட்ட கேள்விக்கு இங்கே கனடாவில் நடந்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். நான் இங்கே நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்பு வேலை செய்பவன், அதனால் இந்தப் பக்கம் கொஞ்சம் தெரியும்.

கனடாவின் 1982 உரிமைகள் சாசனத்தின் 8ஆம் பிரிவு, நியாயமற்ற தேடுதலில் இருந்தும் கைப்பற்றலில் இருந்தும் எவருக்கும் பாதுகாப்பு உண்டு என்று ஒரே வரியில் சொல்கிறது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு கொலை. பொலிஸ் சந்தேக நபர் தூங்கிக்கொண்டிருந்த டிரெய்லர் வீட்டுக்குள் ஆணை இல்லாமல் போய், இரத்தம் படிந்த சேர்ட்டைக் கண்டது. ஃபீனி வழக்கு என்று சொல்வார்கள். 1997 இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சேர்ட்டையே சாட்சியத்தில் இருந்து நீக்கிவிட்டு மறுவிசாரணைக்கு அனுப்பியது. கொலைகாரனை விட்டுவிட்டார்கள் என்று நாடே கொதித்தது. என்ன நடந்தது தெரியுமா? மறுவிசாரணையில் வேறு சாட்சியங்களை வைத்து அவர் மறுபடி குற்றவாளியாகக் காணப்பட்டார். பாராளுமன்றம் உடனே சட்டத்தைத் திருத்தி, கைது செய்ய வீட்டுக்குள் நுழைவதற்கென்று ஒரு ஆணையைக் கொண்டுவந்தது. தொலைபேசியிலேயே ஆணை கேட்டு எடுக்கவும் இங்கே வழி இருக்கிறது. உயிருக்கு ஆபத்து, சாட்சியம் அழியப்போகிறது என்ற அவசரம் இருந்தால் ஆணை இல்லாமலும் போகலாம், பிறகு நீதிபதி முன் அந்த அவசரத்தை நிரூபிக்க வேண்டும். சாதாரண தேடுதல் ஆணை என்றால் பகலில்தான், இரவில் போக வேண்டுமானால் அதற்குத் தனியாகக் காரணம் காட்ட வேண்டும்.

இங்கேயும் எங்கள் பிள்ளைகளின் வீடுகளுக்குள் பொலிஸ் முறைகேடாகப் போவது நடக்கிறது. இங்கே எல்லாம் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் முறைகேடாக எடுத்த பொருளை நீதிபதி தூக்கி வெளியே வைக்கலாம் என்ற பயம் பொலிசுக்கு இருக்கிறது.

---

பதில்: சட்டத்தரணி, யாழ்ப்பாணம்

ரவி சொன்ன கடைசி வரிதான் விஷயம். எங்களிடம் அந்த விதி இல்லை. சட்டவிரோதமாகத் தேடி எடுத்தாலும், பொருள் வழக்கோடு தொடர்பு என்றால் பெரும்பாலும் சாட்சியமாக ஏற்கப்படும். பொலிசுக்குக் கொடுத்த குற்ற ஒப்புதல் வாக்குமூலத்தைச் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு தள்ளிவிடும், ஆனால் வீட்டில் எடுத்த பொருளுக்கு அப்படி ஒரு தடை இல்லை. அதனால் ஒழுங்காகத் தேடிய அதிகாரிக்கும் ஒழுங்கில்லாமல் தேடியவருக்கும் வழக்கில் வித்தியாசம் தெரிவதில்லை.

கடைக்கார அண்ணை, உங்கள் கடைப் பொடியனின் கையை நினைத்தால் எனக்கும் கோபம் வருகிறது. வாள்வெட்டு வழக்குகளில் பாதிக்கப்பட்டவர்கள் பக்கம் நானும் நின்றிருக்கிறேன். தேட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒன்றை யோசியுங்கள். 2023 டிசம்பர் 17 இல் யுக்திய என்று போதைப்பொருளுக்கு எதிரான ஒரு பொலிஸ் நடவடிக்கையை நாடு முழுக்கத் தொடங்கினார்கள். ஆணை இல்லாமல் வீடு வீடாகப் புகுந்து, ஆயிரக்கணக்கானவர்களைப் பிடித்தார்கள். ஐக்கிய நாடுகளின் மனித உரிமை நிபுணர்கள் அடுத்த மாதமே அதை நிறுத்திப் பரிசீலிக்கச் சொன்னார்கள். பிடிபட்டவர்களில் பெரும்பாலும் சின்ன ஆட்கள், ஏழைகள். வாசுகி வீட்டில் அன்று செலவழித்த நேரத்தில் சரியான வீட்டைத் தேடியிருக்கலாமே. நீதவான் முன் போய் "என்ன தகவல், யார் தந்தது, ஏன் இந்த வீடு" என்று பதில் சொல்ல வேண்டியிருந்தால் தவறான வீட்டுக்குப் போவது குறையும். உங்கள் கடையை வெட்டியவர்களைப் பிடிக்கவும் அதுதான் நல்லது.

---

பதில்: இணுவில் வாசுகி

எல்லோருக்கும் நன்றி. சுன்னாகம் ஐயா சொன்னபடி எழுதி வைத்துவிட்டோம். மூலைக் கடை கமராவில் ஜீப் போவது தெரிகிறது, இலக்கம் தெளிவில்லை. சட்டத்தரணி அக்கா, இப்போது மூன்று பயம். ஒன்று அந்தத் தாள். இரண்டு போன். மூன்றாவது, முறைப்பாடு கொடுத்தால் தம்பிக்கு ஏதாவது செய்வார்களோ என்று அம்மா அழுகிறார். 2023 நவம்பரில் பொலிஸ் பிடித்துப் போன வட்டுக்கோட்டைப் பொடியன் இறந்ததைச் சொல்லிச் சொல்லி அழுகிறார்.

---

பதில்: சட்டத்தரணி, யாழ்ப்பாணம்

அம்மாவின் பயத்தை நான் சின்னதாக நினைக்கவில்லை. அதனால்தான் முறைப்பாட்டை அதே ஸ்டேசனில் போய்க் கொடுக்க வேண்டாம். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ்ப்பாணப் பிராந்திய அலுவலகத்தில் கொடுங்கள். அவசரம் என்றால் 1996 என்ற இலக்கத்துக்கு இரவிலும் அழைக்கலாம். தம்பியை மறுபடி வரச் சொன்னால் தனியே அனுப்பாதீர்கள், ஒரு சட்டத்தரணியோடு போகட்டும். காசு இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகம் யாழ்ப்பாணத்தில் இருக்கிறது.

தாள் பற்றி: வடக்கில் நிர்வாக மொழி தமிழ், அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை. வாசிக்கத் தெரியாத மொழியில், பாதி வெறுமையாக இருந்த தாளில் கையெழுத்து வாங்கப்பட்டது என்பதை அம்மா இன்றே ஒரு சத்தியக்கடதாசியில் சமாதான நீதவான் முன் எழுதிக் கொடுக்கட்டும். அந்த வெறுமைப் பாதியில் பிறகு ஏதாவது நிரப்பினாலும், அதற்கு முன்பே அம்மா மறுத்தது பதிவில் இருக்கும். முறைப்பாட்டில் முதல் விஷயமாக இதைப் போடுங்கள், சாமியறையை இரண்டாவதாகப் போடலாம்.

போன் பற்றி: கைப்பற்றிய பொருளைப் பொலிஸ் உடனே நீதவானுக்கு அறிக்கையிட வேண்டும். தாங்களே வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்க முடியாது. உள்ளே இருப்பதை ஆராய வேண்டுமானாலும் நீதிமன்றத்தில் அனுமதி எடுத்து அனுப்புவதைத்தான் வழக்குகளில் காண்கிறோம். நீதவான் நீதிமன்றப் பதிவாளரிடம் கேட்டு, இந்தப் போன் பற்றி அறிக்கை வந்திருக்கிறதா என்று முதலில் பார்ப்போம். வந்திருந்தால் விடுவிக்கச் சொல்லி நகர்த்தல் மனு போடலாம். வரவில்லை என்றால் எங்களுக்கு அது இன்னும் பலம், அவர்கள் எந்த அதிகாரத்தில் வைத்திருக்கிறார்கள் என்று நேராகவே கேட்கலாம். போன் வாங்கிய பில், பெட்டியில் உள்ள ஐ.எம்.இ.ஐ இலக்கம் இரண்டையும் தேடி எடுங்கள். தம்பி வங்கிச் செயலி, மின்னஞ்சல், வட்ஸ்அப் எல்லாவற்றின் கடவுச்சொல்லையும் வேறு போனில் இருந்து மாற்றட்டும்.

கால எல்லைதான் முக்கியம். அடிப்படை உரிமை மனு என்றால் 126ஆம் உறுப்புரையின்படி ஒரு மாதத்துக்குள், அதுவும் கொழும்பில் உயர் நீதிமன்றத்தில் மட்டும்தான் போடலாம். இங்கிருந்து ஒரு குடும்பம் அந்த நீதிமன்றம் இருக்கும் புதுக்கடை வரை போய் வழக்கு நடத்துவது எவ்வளவு பாரம் என்று எனக்குத் தெரியும், அந்த அதிகாரத்தை மாகாணத்தில் உள்ள நீதிமன்றங்களுக்கும் பகிர வேண்டும் என்று நான் எங்கே போனாலும் சொல்கிறேன். ஆணைக்குழுவில் ஒரு மாதத்துக்குள் முறைப்பாடு கொடுத்து விசாரணை நிலுவையில் இருந்தால், அந்தக் காலம் கணக்கில் சேராது. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவு. ஆனால் முறைப்பாட்டு இலக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு இருந்துவிடாதீர்கள். விசாரணை உண்மையில் நடக்கிறது என்று காட்டக் கடிதம் கேட்டு எடுங்கள். அது இல்லாமல் காலம் கடந்துவிட்டது என்று தள்ளுபடியான மனுக்கள் இருக்கின்றன.

திங்கட்கிழமை காலையில் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள். அப்பாவின் மருத்துவக் கொப்பியையும் கொண்டுபோங்கள், அந்த இரவுக்குப் பிறகு அவரை வைத்தியரிடம் காட்டியிருந்தால் அந்தத் துண்டும் வேண்டும். எழுதிய கொப்பியின் பிரதியைக் கொடுங்கள், மூலப் பிரதியைக் கையில் வைத்திருங்கள். உள்பெட்டியில் என் இலக்கம் அனுப்புகிறேன். அம்மா கதைக்க விரும்பினால் இன்றைக்கு இரவே எடுக்கட்டும்.